வேலிக்கு அந்தப் பக்கம் வைத்த ரீவி

அரச தொலைக்காட்சியின் தமிழ் அலைவரிசையை எங்கள் ஒழுங்கையில் விடாமல் பார்த்த ஒரே மனிதர் எங்கள் அப்பாதான். மற்ற வீடுகளில் பின்னேரம் ஆறு மணி கழிந்தால் இந்தியத் தொடர்களின் மாமியார்கள் கத்தத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு பெண் பிள்ளை மேசைக்குப் பின்னால் அடக்கமாக இருந்து, வரும் வாரத்துக் கலை பண்பாட்டு நிகழ்ச்சிகளை வாசிப்பாள். திங்கள் பழைய கேணிகளின் வரலாறு, செவ்வாய் வில்லுப்பாட்டு, புதன் நாடகம் என்று அது போகும். அப்பா அதைச் சோதனை எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கிற பெடியன் மாதிரிக் கதிரை நுனியில் இருந்து கேட்பார்.

காரணம் இருந்தது. அந்த அலைவரிசைக்காக எடுத்த ஒரு சரித்திர நாடகத்தில் அப்பா நடித்திருந்தார். நடித்தார் என்று நான் சொன்னால் என் தம்பி கனடாவில் இருந்து சிரிப்பான். ஒரே ஒரு காட்சி, ஒரே ஒரு வசனம். ஆனால் அப்பா அதைச் சொல்கிற விதத்தைக் கேட்டால் அரசனே அவருக்குப் பிறகுதான்.

நான் கலியாணம் செய்து அரியாலையில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் நீர்வேலியில். அப்பா பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர்; கிளச் மிதித்த முழங்கால் கனநேரம் நின்றால் நோகும். கொஞ்சம் வாழைத் தோட்டமும் உண்டு. குலை வெட்டினால் முதல் குலை எனக்குத்தான். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். அப்படி வந்த ஒரு நாள், எங்கள் அரியாலை வீட்டுக்குக் கிட்ட, கடலோர வெளியில், கொழும்பிலிருந்து வந்தவர்கள் பந்தல் போட்டு யாழ்ப்பாணத்து அரசர் காலத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்ன ஏது என்று விடுப்புப் பார்க்காமல் அப்பாவால் எந்த இடத்தையும் தாண்ட முடியாது. நின்றிருக்கிறார். ஆறடி உயரம், வெள்ளை மீசை, வெயிலில் கறுத்த உடம்பு. நெறியாளர் கண்டுவிட்டார்.

"ஐயா, அரசவைக்கு முறையிட வாற குடியானவங்களோட கொஞ்சம் நிப்பீங்களா?"

"நிக்கிறது பெரிய காரியமே தம்பி? கதைக்கவும் ஏதும் தந்தால் கதைப்பன்" என்றாராம் அப்பா.

கொடுத்தார்கள். "மன்னா, எங்கள் வயலுக்குத் தண்ணீர் இல்லை." அவ்வளவுதான். அன்று பொழுதுபடத்தான் அப்பா என் வீட்டுப் படலையைத் திறந்தார். கதலிக்குலை நாள் முழுக்க வெயிலில் காய்ந்து, பாதிப் பழம் வெடித்து, எறும்பும் ஏறிவிட்டது. நான் வாயைத் திறக்க முன்னமே, "பிள்ளை, என்ரை குரல் பந்தலுக்கு வெளியாலையும் கேட்டதாம்" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆரால் ஏச முடியும்? எறும்பைத் தட்டிவிட்டுப் பழத்தைத் தின்றோம்.

அதன் பிறகு தொடங்கியது காத்திருப்பு. "விரைவில் எதிர்பாருங்கள்" என்று ஒரு முன்னோட்டம் போட்டார்கள். குதிரை ஓடும், வாள் மின்னும், கிரீடம் வரும். குதிரைக்கும் கிரீடத்துக்கும் நடுவில் அப்பா ஒரு கண்வெட்டுக்கு வந்து போவார். அது வரும்போதெல்லாம், "கெதியாய் வாரும், கெதியாய் வாரும்!" என்று அம்மாவைக் கூப்பிடுவார். அம்மா குசினியில் இருந்து ஈரக் கையோடு ஓடிவருவாள். அதற்குள் கிரீடம் வந்துவிடும். "போயிட்டுது" என்பார் அப்பா, பஸ்ஸைத் தவறவிட்டவளைப் பார்க்கிற மாதிரி. அம்மாவும் சளைக்கிற ஆள் இல்லை. "உந்தக் கண்வெட்டுக்கு நான் ஓடிவந்து விழுந்து கால் முறியவே? நாடகம் வரட்டும். ஆறுதலாய் இருந்து வடிவாய்ப் பாக்கிறன்" என்பாள்.

விரைவில் என்றவர்கள் மாதக்கணக்காக இழுத்தார்கள். ஒரு புதன்கிழமை கிரிக்கெட் வரும். இன்னொரு புதன் பாராளுமன்றம் வரும். அப்பா ஒவ்வொரு கிழமையும் அந்தப் பெண் பிள்ளை வாசிப்பதைக் கேட்டுவிட்டு, "சரி, அடுத்த கிழமை" என்று எழும்புவார். அவருக்கு அந்தப் பிள்ளையில் கோபமே இல்லை. "அவள் என்ன செய்வாள், குடுத்ததைத்தானே வாசிக்கலாம்" என்பார். எனக்குத்தான் ஆத்திரம் வரும். எனக்கு எதற்குத்தான் ஆத்திரம் வராது.

பிறகு அப்பா செத்துப்போனார்.

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போன இடத்தில், வரம்பிலேயே. புறப்படும்போது, "போயிட்டு வாறன்" என்று சொல்லியிருக்கிறார். அம்மா பின் வளவில் கீரை பிடுங்கிக்கொண்டு, திரும்பாமலே "ஓம்" என்றிருக்கிறாள். அதுதான் கடைசி. அடுத்ததாக அவள் அவரைக் கண்டது பெட்டிக்குள். மலர்ச்சாலைக்காரர் பவுடர் பூசி, மீசையை எண்ணெய் வைத்துப் படிய வாரி, வாயை இறுக்கி மூடி, ஒரு கந்தோர் உத்தியோகத்தர் மாதிரிக் கொண்டுவந்து வைத்தார்கள். அது எங்கள் அப்பா இல்லை. அப்பாவின் மீசை ஒருநாளும் படிந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் அந்த வீட்டுக்குத் தீட்டு; துடக்கு என்போம். மாதம் கழிந்து கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை செய்யும் வரைக்கும் விளையாட்டு, கொண்டாட்டம், ரீவி, ஒன்றும் இல்லை. துடக்குக்காரர் வேறு வீட்டுப் படி ஏறவும் கூடாது. பெட்டி எடுத்த அன்றே பெரியமாமா எங்கள் ரீவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, அப்பாவின் வேட்டி ஒன்றால் மூடிவிட்டார். பெரியமாமா அம்மாவின் மூத்த அண்ணன். எங்கள் குடும்பத்தில் எது செய்யலாம் எது செய்யக்கூடாது என்பதற்கு அவர்தான் நீதவான், அவர்தான் பொலிசும்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாள் பின்னேரம், பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து, அம்மாவோடு தங்கி நின்ற என்னைக் கையால் கூப்பிட்டாள். அவள் குருநகரில் இருந்து இங்கே வாழ வந்தவள், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. அம்மாவுக்கு அவள் சிநேகிதி என்றால் போதாது. ஒரு நாள் இரண்டு பேரும் கதைக்காவிட்டால் இரண்டு வீட்டிலும் கறிக்கு உப்புக் குறையும்.

"பிள்ளை, எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை" என்றாள். "ஐயாவின்ரை நாடகம் இந்தப் புதன் போகுதாம். இப்பத்தான் அந்தப் பெட்டை வாசிச்சவள். ஐயா இல்லையெண்டு நான்தான் அதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

எனக்கு முதலில் வந்தது கோபம். இவ்வளவு நாளும் கிடந்துவிட்டு, இப்போதா? பிறகு அழுகை வந்தது. வேலிக் கிளுவையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அக்காவும் அந்தப் பக்கம் நின்று அழுதாள்.

அம்மாவிடம் சொல்வதா விடுவதா என்று யோசித்தேன். எனக்கு ஒளிக்கத் தெரியாது. முகத்தைக் கண்டதுமே, "என்ன?" என்றாள். சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு இருந்தாள். பிறகு என்னைப் பார்த்து நேராகச் சொன்னாள். "எனக்கு அதைப் பாக்க வேணும். நாடகம் பாக்கிற ஆசையில்லை. கண்ணை மூடினால் எனக்கு அந்தப் பெட்டிக்குள்ளை கிடந்த முகம்தான் வருது. அவரின்ரை சொந்த முகம் வருகுதில்லை பிள்ளை. எவ்வளவு நினைச்சும் வருகுதில்லை. ஒருக்கால் அவர் நடமாடுறதைப் பாத்தனெண்டால் அது வந்திடும்."

நீங்கள் கேட்கலாம், இந்தக் காலத்தில் போனில் ஒரு வீடியோ இல்லையா என்று. இல்லை. போனைத் தூக்கினால் அப்பா அடையாள அட்டைக்கு நிற்கிற மாதிரி விறைத்துப்போவார். கனடாத் தம்பி வீடியோவில் எடுத்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு கதைப்பார். தம்பி வருடக்கணக்காகப் பார்த்தது அப்பாவின் காதைத்தான். முன்னோட்டத்தை என் போனில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணில் ஒப்பரேஷன் செய்தவள்; குதிரை தெரிகிறது, கிரீடம் தெரிகிறது, நடுவில் ஒரு நிழல் போகிறது என்றாள். முழு நாடகத்தைப் பிறகு இணையத்தில் போடுவார்களா என்று தம்பி தேடிப் பார்த்தான். போட்டாலும் போடுவார்கள், விட்டாலும் விடுவார்கள் என்றுதான் மறுமொழி.

பெரியமாமாவிடம் போனேன். போனேன் என்றால், அவர் எங்கள் முற்றத்தில்தான் சாய்மனைக் கதிரை போட்டு இருந்தார்.

"ஏலாது" என்றார், நான் முடிக்க முன்னமே.

"மாமா, ஒரு மணித்தியாலம்."

"ஒரு நிமிசமும் ஏலாது. அந்தியேட்டி முடியாத வீடு. ரீவிச் சத்தம் ஒழுங்கைக்குக் கேட்டால் சனம் என்ன கதைக்கும்? மனிசன் செத்து ஈரம் காயேல்லை, நாடகம் பாக்கினம் எண்டு கதைக்கும்."

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "அப்ப செத்தவீட்டை மூண்டு கமெரா வைச்சு கனடாவுக்கும் லண்டனுக்கும் நேரடியாய்க் காட்டினீங்களே, அது என்ன? செத்துக் கிடந்தவரை உலகமெல்லாம் காட்டலாம், உயிரோடை நிக்கிறவரை அவரின்ரை மனிசிக்குக் காட்டப்படாதோ?"

 மாமா தோளில் கிடந்த துவாயை எடுத்து உதறித் திரும்பப் போட்டார். அவரும் அப்பாவும் சின்னனில் இருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். அந்த நேரம் அவரில் எனக்கு இரக்கம் வரவில்லை.

வழி கண்டுபிடித்தது அக்காதான். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் இன்னும் கிளுவை வேலிதான். அதில் ஓர் ஆள் குனிந்து போய்வரக்கூடிய ஒரு திறப்பு இருக்கிறது. பொட்டு என்று சொல்வோம். கறிவேப்பிலையும் மீன்குழம்பும் ஊர்ப் புதினமும் அதனூடாகத்தான் போய்வரும். அக்கா சொன்னாள்: "நான் உங்களுக்குச் சொந்தமும் இல்லை, எனக்குத் துடக்கும் இல்லை. என்ரை ரீவியை என்ரை வளவிலை, பொட்டடியிலை, உங்கடை பக்கம் பாத்து வைக்கிறன். அம்மா உங்கடை வளவிலை கதிரையைப் போட்டு இருக்கட்டும். அவ எங்கையும் போகவும் இல்லை, உங்கடை வீட்டிலை ரீவி போடவும் இல்லை. ஒரு பிழையும் இல்லையே?"

இதை மாமாவிடம் சொல்லும்போது எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. அவர் கண்ணை மூடி யோசித்தார். எங்கள் ஆட்களுக்கு வேலி வழக்கென்றால் மூளை தனி உற்சாகத்தோடு வேலை செய்யும். கடைசியில் சொன்னார்:

"உவள் தன்ரை வளவிலை என்னத்தைப் போட்டாலும் எனக்கென்ன? நான் போய்த் தடுக்கேலுமே? ஆனால் மேசைக் கால் எல்லைக்கு இஞ்சாலை வரப்படாது."

புதன்கிழமை பொழுதுபட மேசை வந்தது. அக்காவின் புருஷன் நீட்டு வயர் இழுத்து, விறாந்தையில் இருந்து பொட்டுவரை கொண்டுவந்தார். மாமா குனிந்து நின்று, எல்லைக்கல்லில் இருந்து ஒரு நூல் பிடித்து மேசையின் முன்கால்களைப் பார்த்தார். "இன்னும் ஒரு சாண் பின்னுக்கு." இழுத்தார்கள். "ம், சரி." ரீவி பொட்டுக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரிப் பொருந்தி நின்றது. அதன் முகம் எங்கள் பக்கம் என்பதால் சொந்தக்காரருக்கே படம் தெரியாமல் போய்விட்டது. தன் ரீவியைப் பார்க்க அக்கா ஒழுங்கையால் சுற்றி, எங்கள் படலையால் உள்ளே வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இருங்கோவன் அக்கா" என்றேன்.

"இல்லைப் பிள்ளை, எனக்கு இருக்கேலாது. நெஞ்சு அடிக்குது" என்றாள்.

நாடகத்துக்கு முன்னம், திங்கள் போன கேணிகளின் வரலாற்றைத் திரும்பப் போட்டார்கள். நுளம்பு கடித்தது; நான் நுளம்புத்திரி கொளுத்தினேன். அம்மா கைகளை மடியில் வைத்து அசையாமல் இருந்தாள். மாமா தூரத்தில், தென்னையோடு சாய்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ரீவி பார்க்கவில்லையாம். ஆனால் கேணிகள்பற்றிக் கதைத்த பேராசிரியர் ஏதோ ஒரு கேணியைத் தவறான ஊரில் வைத்துவிட்டார் போல, "அது அங்கை இல்லையடாப்பா!" என்று தென்னையைப் பார்த்தே சத்தம் போட்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மாகூட ஒரு மூச்சுச் சிரிப்புச் சிரித்தாள். அப்பா போனதில் இருந்து அந்த வீட்டில் கேளாத சத்தம் அது.

பிறகு மேளமும் சங்கும். நாடகம்.

அரசவை என்பது ஒட்டுப்பலகையும் பட்டுத்துணியும் என்று எனக்குத் தெரியும், பந்தலை நான் கண்டவள். இருந்தாலும் ஓரடி முன்னுக்குப் போய் நின்றேன். குடியானவர்கள் வரிசையாக வந்தார்கள். மூன்றாவதாக அப்பா. தலைப்பாகை, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டின வேட்டி, வெறும் மேல்.

"மன்னா, எங்கள் வயலுக்குத் தண்ணீர் இல்லை!"

ஐயோ, அந்தக் குரல். பருத்தித்துறை வீதியில் முன்னால் போகிற ட்ரக்ரரை ஒதுங்கச் சொல்கிற அதே குரல். அரசன் உண்மையாகவே ஒருமுறை திடுக்கிட்டான். அக்கா கை தட்டிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ரீவியையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் கண் தேடிக்கொண்டிருந்தது.

"அம்மா, அப்பா, அப்பா!" என்றேன்.

"தெரியுது" என்றாள். "நடிக்கிறார்."

 முடிந்தது, ஒரு வசனம்தான், அதிலும் அவள் தேடினது இல்லை. இவ்வளவு சண்டை பிடித்து, நூல் பிடித்து, அவளைக் கொண்டுவந்து இருத்தினேனே என்று இருந்தது. திரையில் அரசன் எழும்பிப் பேசத் தொடங்கினான். பேசினான், பேசினான், நிறுத்தவே இல்லை. குளம் வெட்டுவானாம், வாய்க்கால் கட்டுவானாம். படம் முழுக்க அவன் முகமும் கிரீடமும்தான்.

அம்மா திடீரென்று எழும்பினாள். ரீவிக்குக் கிட்டப் போய், அரசனின் தோளுக்கு அருகே விரலை வைத்தாள்.

அங்கே, பின்னால், கொஞ்சம் மங்கலாக, குடியானவர் வரிசை நின்றது. தன் வேலை முடிந்துவிட்டது, இனித் தன்னை ஒருத்தரும் பார்க்கவில்லை என்று அப்பா நினைத்துவிட்டார். தலைப்பாகைக்குள் விரலை விட்டுச் சொறிந்தார். பக்கத்தில் நின்றவரிடம் வாயைக் கோணி ஏதோ சொன்னார். இரண்டு விரலால் மீசையை ஒதுக்கினார். அது உடனே பழையபடி எழும்பி நின்றது. பிறகு ஒரு காலில் பாரத்தைப் போட்டு, மற்றக் காலைக் கொஞ்சம் தூக்கி, குனிந்து, முழங்காலைத் தேய்த்தார்.

"உதுதான்" என்றாள் அம்மா. "உதுதான்."

அவளுடைய கை எல்லையைத் தாண்டி அக்காவின் வளவுக்குள், ரீவிக் கண்ணாடியில் இருந்தது. மாமா இப்போது திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.  துவாயால் முகத்தைத் துடைத்தார். அரசன் பேசி முடிக்கும்வரை அப்பா அங்கே நின்றார். அந்த அரசனுக்கு வசனம் எழுதினவர் நல்லாய் இருக்க வேண்டும்.

காட்சி மாறியது. வாள்சண்டை வந்தது, அரசி அழுதாள், நாடகம் முடிந்தது. அந்தப் பெண் பிள்ளை வந்து வரும் வார நிகழ்ச்சிகளை வாசிக்கத் தொடங்கினாள். அக்காவின் புருஷன் அந்தப் பக்கம் இருந்து, "நிப்பாட்டவோ?" என்று கேட்டார். "ம்" என்றார் மாமா. வளவு இருட்டாகிவிட்டது.

அம்மா கதிரையில் வந்து இருந்து, கண்ணை மூடினாள்.

 அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். எந்த முகம் வரப்போகிறது என்று எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவின் இமை துடித்தது. பிறகு கண்ணுக்குக் கீழே மெல்ல ஈரம் வந்தது. அவள் துடைக்கவில்லை, கண்ணைத் திறக்கவும் இல்லை.

"என்னம்மா?" என்றேன்.

"நிக்கிறார்" என்றாள். "காலைத் தேய்ச்சுக்கொண்டு நிக்கிறார், பாவம். அவ்வளவு சனத்துக்கை ஆராவது என்ரை மனிசனுக்கு ஒரு கதிரை குடுத்திருக்கலாம்."